அது திரை அல்ல

மாதவிடாய் இரத்தத்தை உறிஞ்ச உள்ளே வைக்கும் டாம்பனைக் கல்யாணம் ஆகாத பெண் வைக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் யாரும் எழுதி வைக்காத சட்டம். அம்மா சொல்கிறார், சித்தி சொல்கிறார், சில நேரம் மருத்துவரே சொல்லிவிடுகிறார். ஏன் என்று கேட்டால் மூன்று காரணங்கள் வரும். கன்னித்திரை கிழிந்துவிடும். உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். விஷம் ஏறி உயிருக்கே ஆபத்து என்று எங்கோ படித்தோம். இந்தப் பேச்சுகளுக்கு நடுவே வளர்ந்த ஒரு பெண், நீச்சல் போட்டிக்கோ நாள் முழுக்க நடக்கும் விளையாட்டுப் பயிற்சிக்கோ போக வேண்டியிருந்து, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியாக முயன்று பார்க்கிறாள். நுழையவில்லை, வலிக்கிறது. அதை வெளியே சொன்னால் நான்காவது காரணமும் சேர்ந்துவிடுகிறது: "பார், உடம்பே ஏற்றுக்கொள்ளவில்லை." என் மறுப்பு இந்த நான்காவது காரணத்தை நோக்கியது. அந்த வலியில் பெரும்பங்கு, முதல் மூன்றையும் கேட்டுக் கேட்டு அந்த உடம்புக்குள் இறங்கிய பயத்தால் வருவது. பயமுறுத்தித் தடுக்கிறோம், பயத்தால் அவள் தடுமாறுகிறாள், தடுமாறுவதைக் காட்டி மறுபடி தடுக்கிறோம். இந்த வட்டத்தை எங்கே அறுப்பது என்பதுதான் கேள்வி.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். 'கன்னித்திரை' என்றதும் வாசலில் இழுத்துவிட்ட துணி ஒன்று மனத்தில் தொங்குகிறது. எது உள்ளே போனாலும் அது கிழிந்துதான் ஆக வேண்டும் என்று அந்தச் சொல்லே முடிவு கட்டிவிடுகிறது. உடலில் இருப்பதோ யோனி வாயின் ஓரத்தை ஒட்டிய மெல்லிய சவ்வு மடிப்பு. சிலருக்குப் பிறைபோல இருக்கும், சிலருக்கு வளையமாக இருக்கும், சிலருக்கு மிகக் குறுகிய விளிம்பாகவே இருக்கும். நடுவில் திறப்பு உண்டு. பெண் வயதுக்கு வந்துவிட்டாள் என்று பந்தல் போட்டு, தாய்மாமன் சீர் வைத்து, ஊருக்குச் சோறு போடுகிறோமே, அதற்குக் காரணமான இரத்தம் அந்தத் திறப்பின் வழியாகத்தான் வந்தது. மூடிய திரையாக இருந்திருந்தால் அந்த விழாவே நடந்திருக்காது. பருவம் வரும்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இந்த மடிப்பைத் தடிமனாக்கி, முடி கட்டும் ரப்பர் பேண்டைப் போல விரிந்து சுருங்கும் தன்மையை அதற்குக் கொடுக்கிறது. குழந்தைப் பருவத்தில் தொட்டாலே வலிக்கும் சவ்வு, மாதவிடாய் தொடங்கிய உடம்பில் வேறு சவ்வாகிவிடுகிறது. சின்ன அளவு டாம்பனின் தடிமன் ஏறக்குறைய ஒரு பெண்ணின் சுண்டுவிரல். ஸ்வீடன் நாட்டில் இதே சொற்சிக்கல் இருந்தது. அங்கும் பழைய சொல் 'கன்னிச் சவ்வு' என்ற பொருளையே தந்தது. அங்குள்ள பாலியல் கல்விச் சங்கமான ஆர்எஃப்எஸ்யூ 2009இல் அதைக் கைவிட்டு, 'யோனி வளையம்' என்று பொருள்படும் 'ஸ்லீட்க்ரான்ஸ்' என்ற சொல்லைக் கொண்டுவந்தது. தமிழில் கலைச்சொல் ஆக்குவதற்கு நமக்கா சொல்லித்தர வேண்டும்? இந்த ஒன்றை மட்டும் ஏன் இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

கன்னித்தன்மைக்கு இந்தச் சவ்வு சாட்சி சொல்லும் என்ற நம்பிக்கைக்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. 'பீடியாட்ரிக்ஸ்' என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழில் 2004இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கருவுற்றிருந்த 36 இளம்பெண்களின் மருத்துவப் பரிசோதனைப் பதிவுகளை அதில் ஆராய்ந்தார்கள். உறவு நடந்ததற்கான தெளிவான அடையாளம் அவர்களில் 2 பேரிடம் மட்டுமே இருந்தது. கருவே உண்டான உடம்பில் தேர்ந்த மருத்துவர் கண்டுபிடிக்க முடியாத ஒன்றை, சுண்டுவிரல் தடிமன் பஞ்சு எழுதிவைத்துவிட்டுப் போகும் என்று நம்ப என்ன இருக்கிறது? அரிதாக ஓரத்தில் சிறு கீறல் விழலாம். சில நாளில் ஆறிவிடும். 2018இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் ஐ.நா. பெண்கள் அமைப்பும் சேர்ந்து, கன்னித்தன்மைப் பரிசோதனை என்பதற்கு அறிவியல் அடிப்படையே இல்லை, அதை எங்கும் நிறுத்த வேண்டும் என்று அறிவித்தன. 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம் நடத்தப்பட்டுவந்த இருவிரல் சோதனையைத் தடைசெய்யத் தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், அதைச் செய்பவர்கள் நடத்தை விதிமீறிய குற்றத்துக்கு ஆளாவார்கள் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. நீதிமன்றமும் மருத்துவமும் சாட்சியாக ஏற்காத ஒரு சவ்வை வீடு மட்டும் இன்னும் சாட்சிக் கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறது.

"எல்லாம் சரி, நாளைக்குப் போகிற இடத்தில் கேட்டால்?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. அதன் பின்னால் வரதட்சணையும் அவதூறும் முதலிரவு விசாரணையும் செய்த கொடுமைகளின் நீண்ட கணக்கு இருக்கிறது. ஆனால் முதல் உறவில் இரத்தம் வராத பெண்கள் ஏராளம். டாம்பனை வாழ்நாளில் கண்ணால் பார்க்காத நம் பாட்டிகளிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். டாம்பனைத் தடுத்தால் அந்தச் சந்தேகத்திலிருந்து மகள் தப்பிவிடுவாள் என்று எண்ணுவது வீண். சந்தேகப்படுகிறவனுக்கு ஆதாரம் தேவைப்படுவதில்லை. மகளைக் காக்க விரும்பும் தாய் செய்ய வேண்டியது, அந்தச் சவ்வு எதையும் சொல்லாது என்ற உண்மையை மகளுக்கும் மகனுக்கும் சேர்த்தே கற்றுக்கொடுப்பது.

பயம் எப்படி வலியாக மாறுகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உதவி என்பது அங்கேதான் தொடங்குகிறது. யோனியின் கீழ்ப்பகுதியைச் சுற்றித் தசைகள் இருக்கின்றன. சிறுநீரை அடக்கும்போது இறுகுகிறதே, அதே தசைக் கூட்டம். கண்ணுக்கு நேரே தூசு வந்தால் இமை தானாக மூடுவதுபோல, வலிக்கப்போகிறது என்று மனம் எண்ணிய கணத்தில் இவை தாமாக இறுகும். இறுகிய தசையில் பஞ்சை அழுத்தினால் உண்மையாகவே வலிக்கும். அந்த வலி அடுத்த முறை இன்னும் சீக்கிரம் இறுகச் சொல்லும். இரண்டாவது தடை அறியாமை. சிறுநீர் வரும் வழி வேறு, மாதவிடாய் வரும் வழி வேறு என்பதே பல பெண்களுக்குத் திருமணம் வரை தெளிவாகத் தெரிவதில்லை. பள்ளிப் பாடப்புத்தகத்துப் படம் கருப்பையையும் சினைக்குழாயையும் காட்டும்; வெளியிலிருந்து பார்த்தால் எது எங்கே இருக்கிறது என்று காட்டாது. எந்த இடம் என்றே தெரியாமல், இறுகிய தசையோடு, யாராவது கதவைத் தட்டிவிடுவார்களோ என்ற அவசரத்தில் முயலும் பெண்ணுக்கு வலிக்கத்தான் செய்யும். அவளுடைய உடம்பில் குறை ஒன்றுமில்லை.

ஆகவே உதவி என்பது பொட்டலத்தை வாங்கிக் கையில் கொடுப்பதோடு முடிகிற காரியம் இல்லை. முதலில் மேசை மேல் ஒரு டாம்பனைப் பிரித்து வைத்து, அவளையே தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். இறுக்கிச் சுருட்டிய பஞ்சு, அடியில் தைத்த நூல், அவ்வளவுதான். அதை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டால் கண் எதிரே ஊறி மலரும். நூலைப் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொன்னால் அது எவ்வளவு உறுதி என்பது கைக்கே தெரிந்துவிடும். பிறகு கைக்கண்ணாடி ஒன்றைக் கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். இது வெட்கக்கேடு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தன் தொண்டையில் புண் வந்தால் கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்க்கிற பெண்ணுக்கு, தன் உடம்பின் இன்னொரு பகுதியைப் பார்க்கவும் அதே உரிமை உண்டு. வைப்பது அவள் கை மட்டுமே. தாயோ அக்காவோ உள்ளே வந்து வைத்துவிட முயலக் கூடாது. கதவுக்கு வெளியே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தால் போதும்.

வைக்கும் நாளும் முக்கியம். இரத்தப்போக்கு அதிகமாக இருக்கும் இரண்டாம் நாள் ஏற்றது. இரத்தம் வராத நாளில் 'பழகிப் பார்க்கிறேன்' என்று முயன்றால் உலர்ந்த பஞ்சு உலர்ந்த தோலில் உரசி வலிக்கும். பொட்டலத்தில் இருப்பவற்றுள் மிகக் குறைவாக உறிஞ்சும் அளவைத்தான் எடுக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு காலை முக்காலி மேல் வைத்து நிற்கலாம்; நம் பழைய கழிப்பறையில் குந்தி உட்காரும் நிலை இதற்கு இன்னும் வசதி, அந்த நிலையில் இடுப்புத் தசைகள் தாமாகவே தளர்கின்றன. பெரும்பாலோர் செய்யும் பிழை, பஞ்சை நேர் மேலாகத் தள்ளுவது. யோனிப்பாதை நேர் மேலே போவதில்லை. பின்புறமாக, முதுகுத்தண்டின் அடியை நோக்கிச் சாய்ந்து போகிறது. மூச்சை மெல்ல வெளியே விட்டபடி அந்தச் சாய்வில் தள்ளினால் வழி கிடைக்கும். தேவைப்பட்டால் நீரில் கரையும் வழுக்குக் களிம்பை நுனியில் சிறிது தடவிக்கொள்ளலாம். விரலின் நடுக்கணு வரை உள்ளே போய்விட்டால் பஞ்சு அந்தத் தசை வளையத்தைத் தாண்டிவிடும். அதற்கு மேலே தொடு உணர்வு மிகக் குறைவு. சரியாக இருந்தால் இருப்பதே தெரியாது. உட்காரும்போது உறுத்தினால் இன்னும் கீழேயே நிற்கிறது என்று பொருள். எடுத்துப் போட்டுவிட்டு வேறொன்றை வைக்க வேண்டியதுதான். வலித்தால் நிறுத்திவிட வேண்டும். அன்றைக்கு நாப்கின் வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். "கொஞ்சம் பொறுத்துக்கொள், தள்ளு" என்று சொல்கிறவர்கள், "தொடவே தொடாதே" என்று சொல்கிறவர்களுக்குச் சற்றும் குறையாத தீங்கைச் செய்கிறார்கள். இரண்டு பேரும் அந்தப் பெண் தன் உடம்பைப் பற்றிச் சொல்வதைக் கேட்பதில்லை.

உள்ளே போய் மாட்டிக்கொள்ளும் என்பதற்குப் பதில் சுருக்கமானது. யோனி ஒரு முட்டுச் சந்து. அதன் முடிவில் கருப்பைக் கழுத்து இருக்கிறது. அதிலுள்ள துளை இரத்தம் கசியும் அளவுக்கு மட்டுமே. பஞ்சு அதைத் தாண்டி வயிற்றுக்குள் போக வழியே இல்லை. நூல் உள்ளே சுருண்டுவிட்டால் குந்தி உட்கார்ந்து, மலம் கழிப்பதுபோல மெல்ல முக்கிக்கொண்டு, கழுவிய விரலால் எடுத்துவிடலாம். முடியவில்லை என்றால் மருத்துவர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார். எடுக்க மறந்துபோனதுதான் உண்மையான சிக்கல். கெட்ட வாடையுடன் வெள்ளைப்போக்கு வந்தால் தயங்காமல் காட்ட வேண்டும்.

உயிராபத்து என்ற காரணம் அப்படித் தள்ளிவிடக்கூடியதல்ல. அதில் உண்மை இருக்கிறது. முழு உண்மையையும் சொல்ல வேண்டும் என்பதே என் வாதம். டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம் என்ற நோய்க்கு 1978இல் ஜேம்ஸ் டாட் என்ற அமெரிக்க மருத்துவர் பெயரிட்டார். அவர் விவரித்தது 7 குழந்தைகளை. அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி வெளிவிடும் நஞ்சுதான் காரணம். அது புண் வழியாகவும் வரும், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் வரும். 1980இல் அமெரிக்காவில் மாதவிடாயோடு தொடர்புடையதாக மட்டும் 800க்கு மேற்பட்டோருக்கு வந்தது, 38 பேர் இறந்தார்கள். அவற்றில் பெரும்பங்கு, ப்ராக்டர் அண்ட் கேம்பிள் விற்ற 'ரிலை' என்ற மிகை உறிஞ்சும் டாம்பனைப் பயன்படுத்தியவர்களிடம் காணப்பட்டது. அதில் பஞ்சுக்குப் பதிலாக பாலியஸ்டர் நுரைத் துண்டுகளும் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸும் இருந்தன. ஒரே டாம்பனை நீண்ட நேரம் வைத்திருக்கலாம் என்பதே அதன் கவர்ச்சி. அந்த ஆண்டு செப்டம்பரில் அது கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 1990 முதல் எல்லா டாம்பன் பொட்டலங்களிலும் உறிஞ்சும் அளவை ஒரே அளவுகோலில் அச்சிட வேண்டும் என்று அமெரிக்க அரசு விதித்தது: இன்றைய பெயர்களில், 6 கிராமுக்குக் கீழ் இருப்பது லைட், 6 முதல் 9 வரை ரெகுலர், 9 முதல் 12 வரை சூப்பர். இன்று அந்த நோய் மிக அரிது. ஆனாலும் அந்த நஞ்சுக்கு எதிரான ஆற்றல் பல இளம்பெண்களின் இரத்தத்தில் இன்னும் உருவாகியிருக்காது என்பதால் அவர்களுக்குக் கவனம் கூடுதலாக வேண்டும். கவனம் என்பது இதுதான்: குறைந்த அளவு டாம்பன்; 4 முதல் 8 மணி நேரத்துக்குள் மாற்றுவது; இரவு நெடுநேரம் தூங்கப்போகிறாள் என்றால் நாப்கின்; திடீர்க் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, வெயிலில் சுட்டதுபோலத் தோல் சிவத்தல், தலைசுற்றல் இவை வந்தால் உடனே டாம்பனை எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போய், டாம்பன் வைத்திருந்ததைச் சொல்லுவது. அந்தக் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். வீட்டுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளும் பெண் காய்ச்சல் வந்தாலும் டாம்பன் வைத்திருந்ததைச் சொல்ல மாட்டாள். தடைதான் ஆபத்தைக் கூட்டுகிறது.

நாப்கின் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. பெரும்பாலான பெண்களுக்கு நாப்கினே போதும். அதில் எனக்கு மறுப்பு இல்லை. தமிழக அரசு வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் கொடுப்பது நல்ல காரியம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 24 வயதுப் பெண்களில் 64 விழுக்காட்டினர் நாப்கின் பயன்படுத்தினார்கள், 50 விழுக்காட்டினர் துணியும் பயன்படுத்தினார்கள். தண்ணீரும் சோப்பும் குப்பைக்கூடையும் இல்லாத பள்ளிக் கழிப்பறையில், கை கழுவ வழியில்லாத இடத்தில், டாம்பன் வைக்காமல் இருப்பதே நல்லது. ஆனால் தண்ணீருக்குள் நாப்கின் உதவாது. நீச்சல் வீராங்கனை மாதத்தில் ஐந்து நாள் பயிற்சியை இழந்தால் ஆண்டுக்கு அறுபது நாள் போகும். வியர்வையில் நாப்கின் உராய்ந்து தொடை இடுக்கில் புண்ணாகிற ஓட்டக்காரிக்கும் மாற்று ஒன்று வேண்டும். அவளுக்கு, உள்ளே வைத்து இரத்தத்தைச் சேகரிக்கும் மென்ஸ்ட்ருவல் கப் பிடிக்கலாம், டாம்பன் பிடிக்கலாம், எதுவும் வேண்டாம் என்றும் இருக்கலாம். பக்கத்துக் கேரளத்தில் ஆலப்புழை நகராட்சி 2019இல் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இந்தக் கப்பைக் கொடுத்தது. 2022இல் கும்பளங்கி ஊராட்சி நாப்கின் இல்லா ஊராக அறிவிக்கப்பட்டது. நம்மைப் போன்ற குடும்பங்கள், நம்மைப் போன்ற கல்யாணச் சந்தை உள்ள ஊர்கள்தாம் அவை. உள்ளே வைக்கும் பொருள் நம் மண்ணுக்கு ஒவ்வாது என்ற பேச்சு அங்கே நிற்கவில்லை.

எல்லா வலியும் பயத்தால் வருவதுதான் என்று சொல்லிவிட்டு நான் போய்விட்டால் அதுவும் பொய்யாகிவிடும். சில பெண்களுக்கு அந்தச் சவ்வின் நடுவே ஒரு பட்டை ஓடித் திறப்பை இரண்டாகப் பிரித்திருக்கும். டாம்பன் ஒரு பக்கமாக உள்ளே போய்விடும். ஊறிப் பருத்த பிறகு வெளியே வராமல் பட்டையில் சிக்கி இழுக்கும். சிலருக்குத் திறப்பு மிகச் சிறியது. ஆயிரத்தில் ஒருவர், இரண்டாயிரத்தில் ஒருவர் என்ற அளவில் திறப்பே இல்லாமலும் பிறக்கிறார்கள். பதினான்கு, பதினைந்து வயதாகியும் மாதவிடாய் வராமல், மாதாமாதம் அடிவயிறு மட்டும் வலிக்கும். உள்ளே இரத்தம் தேங்கிக்கொண்டிருக்கும். இவை எல்லாவற்றுக்கும் சிறிய அறுவைச் சிகிச்சை போதும். இன்னும் சிலருக்குப் பயம் விலகிய பிறகும் தசை இறுகுவது நிற்காது. அதற்கு வஜைனிஸ்மஸ் என்று பெயர், இடுப்புத் தசையைத் தளர்த்தும் பயிற்சியால் அது பெரும்பாலும் குணமாகும். பல மாதம் பொறுமையாக முயன்றும் சின்ன டாம்பன்கூட நுழையவில்லை என்றால் அது ஒரு தகவல். பிற்காலத்தில் பெரிய வேதனையாகக் கூடியதை இப்போதே எளிதாகத் தீர்க்க வாய்ப்புத் தரும் தகவல். தொடவே கூடாது என்ற வீட்டில் இந்தத் தகவல் கிடைக்காமலே போகிறது. கண்டுபிடித்த பிறகும் "சவ்வை வெட்டினால் கன்னி என்று எப்படிச் சொல்வது" என்று சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் இருக்கின்றன. பெண்ணின் வலியை விடச் சவ்வு பெரிதாகத் தெரிகிற இடம் அது.

ஆகவே தாய்மார்களே, மகள் வந்து "அம்மா, போகமாட்டேன் என்கிறது, வலிக்கிறது" என்று சொன்னால், அவள் உங்களை நம்பி வந்திருக்கிறாள். திட்டி அனுப்பிவிடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் பார்த்தும் தீரவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பெரும்பாலும் வெளியிலிருந்து பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். உங்கள் மகள் சம்மதிக்காமல் அவர் தொடக் கூடாது, அவள் கேட்டால் நீங்கள் பக்கத்தில் இருக்கலாம். அந்த மருத்துவர் அவள் வலியைப் பற்றிக் கேட்காமல் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டு, ஆகவில்லை என்றதும் இதெல்லாம் உனக்கு எதற்கு என்று அனுப்பப் பார்த்தால், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். வேறு மருத்துவர் இருக்கிறார்.